கோரும் தொகை

பதினேழாம் கட்டத்தில் கேட்டிருந்தார்கள்:
கோரும் தொகை. எண்ணால். எழுத்தால்.

முந்தைய பதினாறையும்
கடலூர் முதுநகருக்கும் காலாப்பட்டுக்கும் இடையே
பஸ் மாறி மாறி நிரப்பியிருந்தேன்.
வருமானச் சான்றிதழ் மட்டும் ஐந்து நாள்.
இ-சேவை மையத்தில் சர்வர் இல்லை,
சர்வர் வந்தபோது வி.ஏ.ஓ. இல்லை,
அவரும் வந்த பிறகு
அப்பாவின் தொழிலில் ஒரு குழப்பம்.
துறைமுகத்து ஐஸ் கம்பெனியில்
பார் உடைப்பவர் என்றேன்.
பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு
'இதர' என்று போட்டுக்கொண்டார்.

ஆராய்ச்சியை இருநூறு சொல்லில் கேட்டார்கள்.
பெரிய மாதிரிகளைச் சின்ன நினைவகத்தில் ஓடவிடுவது;
பதினாறு பிட்டில் கால் நீட்டிக் கிடக்கும் எண்ணை
நான்கு பிட்டுக்குள் உட்கார வைப்பது,
அது தன் மதிப்பை ரொம்பவும் மறந்துவிடாமல்.
நூற்றுப் பன்னிரண்டு சொல்லில் முடிந்துவிட்டது.

அப்புறம்தான் பதினேழு.

எதிர் மேசை பிரிஜித்தா, முத்தியால்பேட்டைக்காரி,
கண் சிமிட்டாமல் பதினெட்டு லட்சம் போட்டாள்.
ஜிபியூ, கிளவுட், மாநாட்டுப் பயணம்,
எதிர்பாராச் செலவு.
அந்தக் கடைசி வரியை நான் காலியாக விட்டேன்.
எங்கள் வீட்டில் செலவெல்லாம் எதிர்பார்த்ததுதான்;
வரவுதான் எதிர்பாராதது.

மூன்று லட்சத்து நாற்பதாயிரம் என்று அடித்தேன்.
அடித்துவிட்டு
நாற்பதை அழித்தேன்.

சீசன் முடிவில் முதலாளி கேட்பார்:
"உனக்கு எவ்ளோப்பா?"
அப்பா ஈரக் கையைக் கைலியில் துடைத்தபடி,
"நீங்களே பாத்துக் குடுங்க."
முதலாளியும் பார்ப்பார்.
ஒவ்வொரு வருஷமும்
கொஞ்சம் கண் மங்கலாகத்தான் பார்ப்பார்.

மார்ச்சில் மின்னஞ்சல் வந்தது. வருந்தினார்கள்.
மதிப்பீட்டாளர் ஒன்று: முறையியல் சிறப்பு.
மதிப்பீட்டாளர் இரண்டு:
கோரிய தொகை மிகக் குறைவு.
பணியின் அளவு விண்ணப்பதாரருக்குப்
புரிந்திருக்கிறதா என்பதே ஐயம்.

பெண்ணையாற்றுப் பாலத்தின் மேல் அதைப் படித்தேன்.
கீழே தண்ணீர் இல்லை, நாணல் இருந்தது.
டிக்கெட்டின் பின்புறம் கண்டக்டர் எழுதியிருந்தார்:
பாக்கி 8.
நாலு வருஷமாக இந்த ரூட்டில்
எத்தனை எட்டு, எத்தனை மூன்று
கேட்காமலே இறங்கியிருப்பேன்?
மஞ்சக்குப்பத்தில் இறங்கும்போது கேட்டேன்.
குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.
முன் சீட்டில் இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.
"சில்லறை இல்லம்மா" என்றார்.

இந்த வருஷமும் அதே கட்டங்கள்.
வரிசை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்,
தொகை இப்போது பத்தொன்பதாவது.
ராத்திரி லேபில் ஏசி ஓடுகிறது,
எங்களுக்காக இல்லை, சர்வருக்காக.
பிரிஜித்தாவுக்குப் போன தடவையே கிடைத்துவிட்டது;
ஏழு மாதமாகப் பணம்தான் வரவில்லை.
மெஸ் பாக்கியில் இருவரும் ஒரே பக்கம்.
என் திரையை எட்டிப் பார்த்து,
"இன்னும் கூட்டுடி" என்கிறாள்.

ஜிபியூ மணிக்கு இவ்வளவு என்று பெருக்கினேன்.
தோற்றுப்போகும் சோதனைகளுக்கும் மணி உண்டு,
அதையும் சேர்த்தேன்.
எதிர்பாராச் செலவு: எண்பதாயிரம்.
எதற்கென்று எனக்கே தெரியாது.
தெரியாததால்தானே அந்தப் பெயர்.

அப்பா போன் செய்தார்.
பின்னால் ஐஸ் அரைக்கும் மெஷின்.
"எவ்ளோ கேட்டுருக்க?"
"இருபத்தோரு லட்சத்து நாற்பதாயிரம்."
மெஷின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
"குடுத்துருவானுங்களா?"
"தெரியலப்பா."
"சரி. எழுத்துல எழுதுறப்ப
கடைசில 'மட்டும்'னு போட்டுடு.
இல்லாட்டி எவனாச்சும் பக்கத்துல சேத்து எழுதிருவான்."

போட்டேன்.
ரூபாய் இருபத்தொரு லட்சத்து நாற்பதாயிரம் மட்டும்.
கட்டம் சிவந்தது: எழுத்து வரம்பு மீறியது.
மணி பதினொன்று நாற்பத்தொன்று.
பிரிஜித்தா 'மட்டும்' மீது விரலை வைத்தாள்,
இதைத் தூக்கு என்று.

நான் 'ரூபாய்' என்பதை அழித்தேன்.